பள்ளி நாடகத்துக்குக் கூட்டம் சேர்க்க ஃபிளெக்ஸ் வேண்டாம்

பள்ளி நாடகம் என்றதும் முதலில் ஃபிளெக்ஸ் அடிக்கத்தான் கை போகும். இருக்கிற கொஞ்சப் பணத்தை அதில் விடாதீர்கள். தெருவில் கட்ட அனுமதி வேறு வாங்க வேண்டும்.

கூட்டம் பிள்ளைகள் வழியாகத்தான் வரும். நடிப்பவர்கள் 20 பேர் என்றால் திரை இழுக்க, ஒப்பனைக்கு, வாசலில் வரவேற்க என்று இன்னும் 30 பேருக்கு வேலை கொடுங்கள். பேரன் மேடைக்குப் பின்னால் நின்றால்கூடப் பாட்டி முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

அப்புறம் அழைப்பிதழ். ஒரு ஏ4 தாளில் நான்கு துண்டு அடங்கும். 100 தாள் ஜெராக்ஸ் எடுத்தால் 400 அழைப்பு தயார். மேலே கொஞ்சம் இடம் விட்டு, "மாமா, நான்தான் ராஜா, கட்டாயம் வாங்க" என்று பிள்ளைகளையே கையால் எழுதச் சொல்லுங்கள். அச்சடித்த அட்டையை மறந்துவிடுவார்கள், இதை மறக்க மாட்டார்கள். தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் போடுங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதனால் எல்லாப் படத்தையும் ஒரே நாளில் போடாமல், ஐந்து நாள் முன்பிருந்து தினம் ஒரு வேடம். படம் போடும் முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை நடித்துக் காட்டலாம். சண்டை முற்றும் இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுங்கள். பார்த்த பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள், மீதிக் கதையை அன்று மாலையே வீட்டில் உள்ளவர்கள் கேட்பார்கள்.