செல்டா வீடியோ கேம் பிரெத் ஆஃப் த வைல்ட்ல கொரோக் (அங்கங்க ஒளிஞ்சிருக்குற குட்டி காட்டு ஆவி) விதை எடுக்குறது எப்படி?

மொத்தம் 900 விதை இருக்கு, ஆனா ஆயுதம், வில், கேடயம் வைக்கிற பை முழுசா பெருசாக 441 போதும், அதனால எல்லாத்தையும் எடுத்தே ஆகணும்னு மண்டைய உடைச்சுக்காதீங்க ப்ளீஸ். மலை உச்சில தனியா கல்லு கெடந்தா தூக்கிப் பாருங்க, வட்டமா கல்லு அடுக்கி ஒண்ணு மட்டும் குறையுதா, அந்தக் கல்லு பக்கத்துலயே எங்கயாவது கெடக்கும், கொண்டு வந்து அந்த இடத்துல வச்சீங்கன்னா கொரோக் வெளிய வந்துரும். டிஎல்சி (காசு குடுத்து வாங்குற கூடுதல் பேக்) இருந்தா முதல்ல லாஸ்ட் வுட்ஸ் காட்டுக்குப் போயி கொரோக் மாஸ்க் எடுத்துருங்க, பக்கத்துல கொரோக் இருந்தா அதுவே குலுங்கும், சத்தியமா பாதி வேலை மிச்சம். அதே டிஎல்சில வர்ற ஹீரோஸ் பாத்தையும் மேப்ல ஆன் பண்ணுங்க, கடைசி 200 மணிநேரம் நடந்த தடம் தெரியும், கோடு போகாத இடமா பாத்து போங்க. எடுத்த விதைய ஹெஸ்டுங்கற பெரிய கொரோக்கிட்ட குடுத்தாதான் பையில கூடுதல் ஸ்லாட் (இடம்) கிடைக்கும்.