மைஎஸ்க்யூஎல் அடிக்கடி செத்து எழுந்திரிக்குதா? கொன்னது யாருன்னு மொதல்ல பாருங்க

சைட் திறந்தா டேட்டாபேஸ் கனெக்ஷன் எர்ரர், கொஞ்ச நேரம் கழிச்சு ரிஃப்ரெஷ் பண்ணா நல்லா ஓடுது, ராத்திரி மறுபடியும் அதே கதை. மைஎஸ்க்யூஎல்ங்கற டேட்டாபேஸ் சர்வர் விழுது, லினக்ஸ்ல சர்வீஸ்கள பாத்துக்கற சிஸ்டம்டி அத திரும்ப எழுப்பி விடுது, அவ்ளோதான். உடனே ரீஇன்ஸ்டால் பண்ண கிளம்பிடாதீங்க, எவனோ போட்ட கான்ஃபிக்க காப்பி பேஸ்ட் பண்றதும் வேணாம். தானா விழுந்துச்சா, வெளிய இருந்து யாராவது போட்டுத் தள்ளினாங்களா, அது தெரியாம எதையும் தொடாதீங்க.

எர்ரர் லாக்க திறங்க, உபுண்டுல வார், லாக், மைஎஸ்க்யூஎல்னு ஃபோல்டருக்குள்ள போனா கெடக்கும். எல்லாரும் கடைசி வரியத்தான் பாக்குறாங்க, அது எழுந்ததுக்கு அப்புறம் எழுதினது, பிரயோஜனம் இல்ல. ஸ்டார்ட் ஆன வரிய தேடி அதுக்கு மேல என்ன இருக்குன்னு படிங்க. சிக்னல் 11, இல்லன்னா சிக்னல் 6னு (சிக்னல்னா ப்ராசஸுக்கு வர்ற நிறுத்தற அறிவிப்பு) போட்டு கீழ ஸ்டாக் ட்ரேஸ் (விழுந்தப்ப எந்த ஃபங்ஷன்கள் ஓடிட்டு இருந்துச்சுங்கற பட்டியல்) நீளமா கொட்டியிருந்தா தானா விழுந்தது. நல்லா ஓடிட்டு இருந்த லாக் ஒண்ணுமே சொல்லாம நேரா ஸ்டார்ட்டுக்கு தாவியிருந்தா பெரும்பாலும் சிக்னல் 9. அத எந்த ப்ராசஸாலயும் பிடிக்க முடியாது, மரண வாக்குமூலம் குடுக்கக்கூட டைம் இல்ல. (மொத்த மெஷினே ரீபூட் ஆகியிருந்தாலும் இப்படித்தான் தெரியும், அதனால அப்டைமையும் ஒரு தடவ பாத்துக்கோங்க.)

சிக்னல் 9னா கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) லாக்குக்கு போங்க. அவுட் ஆஃப் மெமரி, கில்டு ப்ராசஸ்னு போட்டு பக்கத்துல மைஎஸ்க்யூஎல்டி பேர் இருக்கும். 1 ஜிபி, 2 ஜிபி விபிஎஸ்ல (வாடகைக்கு எடுக்கற விர்ச்சுவல் சர்வர்) முக்கால்வாசி கேஸ் இதான். ஆனா செத்தது மைஎஸ்க்யூஎல்ங்கறதுக்காக குத்தவாளியும் அதான்னு நெனச்சுடாதீங்க, மெமரி தீந்துபோனா கெர்னல் இருக்கறதுலயே பெருசா உக்காந்திருக்கறவனத்தான் தூக்கும், மெமரிய தின்னு தீத்தவன் பக்கத்துல இருக்கற வெப் சர்வர் அப்பாச்சியா இருக்கலாம். அப்பாச்சியோட ப்ரீஃபோர்க் மோடுல (ரெக்வெஸ்ட் ஒவ்வொண்ணுக்கும் தனி ப்ராசஸ்) மேக்ஸ் ரெக்வெஸ்ட் வொர்க்கர்ஸ், அதாவது ஒரே நேரத்துல எத்தன ப்ராசஸ் ஓடலாம்ங்கறது, உபுண்டுல 150னு வருது, ஒரு பிஎச்பி ப்ராசஸ் 50 எம்பின்னு வெச்சா கூட 7.5 ஜிபி ஆச்சு, உங்க 1 ஜிபி எங்க போறது? மொதல்ல அத 10, 15னு எறக்குங்க. வேர்ட்பிரஸ்னா ஆக்சஸ் லாக்ல எக்ஸ்எம்எல்ஆர்பிசிக்கு (வெளிய இருந்து வேர்ட்பிரஸோட பேசற ஃபைல்) எவனாவது விடாம அடிக்கிறானான்னும் பாருங்க.

அப்புறம்தான் மைஎஸ்க்யூஎல் பக்கம். பஃபர் பூல் (டேட்டாவ ரேம்ல வெச்சுக்கற இடம்) டீஃபால்ட் 128 எம்பி, யாராவது ரேம்ல 70 சதவீதம் குடுன்னு சொன்னத கேட்டு ஏத்தியிருந்தீங்கன்னா எறக்கிடுங்க, அந்த கணக்கு டேட்டாபேஸுக்குன்னே தனியா ஒதுக்கின மெஷினுக்கு. மேக்ஸ் கனெக்ஷன்ஸ் 151ம் சின்ன சர்வருக்கு ஜாஸ்தி. சார்ட் பஃபர், ஜாயின் பஃபர் ரெண்டும் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனித்தனியா மெமரி எடுக்கும், அத ஏத்தி விட்டா ஃபாஸ்ட் ஆகும்னு நம்பாதீங்க. ஸ்வாப் (ரேம் பத்தலன்னா டிஸ்க்க மெமரியா யூஸ் பண்றது) 1 ஜிபி போட்டுக்கோங்க, ஆனா அது அவசரத்துக்குத்தான்.

தானா விழுந்த கேஸ்னா டிஸ்க்கு ரொம்பியிருக்கா, ஐநோடு (ஃபைல் ஒவ்வொண்ணுக்கும் டிஸ்க்ல வேணும்ங்கற பதிவு) தீந்துடுச்சான்னு மொதல்ல பாருங்க. மைஎஸ்க்யூஎல் 8.0ல பைனரி லாக் (டேட்டால பண்ண மாற்றங்களோட பதிவு) டீஃபால்ட்டாவே ஆன்ல இருக்கும், 30 நாள் வரைக்கும் வெச்சுக்கும், எடத்த அதுவே அடைச்சுடும். அந்த ஃபைல்கள கையால டெலீட் பண்ணாதீங்க, பர்ஜ் கமாண்ட்லயே பண்ணுங்க. எர்ரர் லாக்ல செமஃபோர் வெயிட் (உள்ள இருக்கற பூட்டுக்காக காத்திருக்கறது) 600 செகண்ட் தாண்டுச்சுன்னு இருந்தா, டேட்டாவ சேமிக்கற இஞ்சின் இன்னோடிபி வேணும்னேதான் தன்ன விழ வெச்சுக்குது, அப்ப டிஸ்க் ஸ்லோவா இருக்கா, சாகப்போகுதான்னு செக் பண்ணுங்க.

கரப்ஷன்னு சொல்லி ஸ்டார்ட்டே ஆகலன்னா சர்வர நிறுத்திட்டு டேட்டா டைரக்டரிய அப்படியே ஒரு காப்பி எடுத்துடுங்க. அதுக்கப்புறம் கான்ஃபிக்ல ஃபோர்ஸ் ரெக்கவரிய (டேட்டா கெட்டிருந்தாலும் இன்னோடிபிய எழுப்பற செட்டிங்) 1ல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா ஏத்துங்க, எடுத்ததும் 6 போடாதீங்க, 4லயே, அதுக்கு மேலயும் போனா டேட்டா நிரந்தரமா கெட்டுப்போற சான்ஸ் இருக்கு. எழுந்ததும் டம்ப் எடுத்து, புது டேட்டா டைரக்டரில ரீஸ்டோர் பண்ணுங்க, அந்த செட்டிங்க கான்ஃபிக்ல இருந்து எடுத்துட்டு.