செல்போனில் நட்சத்திரப் படம்: தருமபுரி, கிருஷ்ணகிரி மொட்டை மாடிகளுக்கான செய்முறை

நட்சத்திரங்களைப் படம் பிடிக்கத் தொலைநோக்கி வேண்டும் என்று நினைத்தே பலர் இந்தப் பக்கம் வராமல் இருந்துவிடுகிறார்கள். முதல் படத்துக்கு அது தேவையே இல்லை. ப்ரோ மோடு (கேமரா அமைப்புகளை நாமே மாற்றும் வசதி) உள்ள செல்போன், இருட்டு, ஆடாத ஓர் இடம், இவ்வளவு போதும்.

நாம் இருக்கும் இடமும் நமக்குச் சாதகம். இரண்டு மாவட்டங்களும் ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற தெற்குச் சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டம் நமக்கு மாடியிலிருந்தே கிடைக்கும். கிழக்கே ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் பார்த்துவருவதும் இதே வானத்தைத்தான்.

1. நாளும் இடமும்

காலண்டரை எடுங்கள். தேய்பிறை அஷ்டமி கழிந்தால் நிலா நள்ளிரவுக்கு மேல்தான் எழும். அன்றிலிருந்து அமாவாசை தாண்டி மூன்று நாள் வரை முன்னிரவு முழுக்க உங்களுடையது. மாதங்களில் தை முதல் சித்திரை வரை நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகத்தோடு போராட வேண்டியிருக்கும்.

ஓசூரில் இருப்பவர்களுக்கு பெங்களூரு வெளிச்சம் வடமேற்கு வானத்தை வெளுத்துவிடும். அதற்கு முதுகு காட்டி நின்று தெற்கையும் கிழக்கையும் பாருங்கள். தருமபுரிக்காரர்களுக்குத் தெற்கே அடிவானத்தில் சேலத்தின் வெளிச்சம் கொஞ்சம் தெரியும். அரூர், ஊத்தங்கரை, பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் தெருவிளக்கு மறைகிற ஒரு மாந்தோப்போ களமோ கிடைத்தால் போதும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி வானம் இருட்டானதுதான், ஆனால் அது யானை நடமாட்டம் உள்ள பகுதி. காட்டோரம் இரவில் போய் நிற்காதீர்கள். அங்கே சொந்தக்காரர் வீடு இருந்தால் அவர்கள் மாடியே போதும். எந்த நல்ல படமும் உயிருக்கு ஈடில்லை.

2. முதலில் கண்ணால்

இருட்டில் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் ஒருமுறை போன் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். டார்ச் முன்னால் சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் கண்ணை அதிகம் கெடுக்காது.

மாசி மாதம் இரவு எட்டு எட்டரை மணிக்கு அண்ணாந்து பார்த்தால் ஏறக்குறைய உச்சியில் வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்கும். அது ஓரியன் என்ற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பு. அதற்கு வடக்கே செம்மையாக ஒளிர்வது திருவாதிரை. தெற்கே, மங்கலாக ஒரு புள்ளி புகைபோலத் தெரியும். அது நட்சத்திரமே அல்ல, சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம். உங்கள் முதல் படம் இதுவாக இருக்கட்டும். வழி தெரியாவிட்டால் ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலி காட்டும்.

3. போனைக் கவிழ்த்து வையுங்கள்

ஓரியன் நம் தலைக்கு மேலே வருவதால் ஸ்டாண்டுகூடத் தேவையில்லை. தரையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, திரை கீழே இருக்கும்படி போனைக் கவிழ்த்து வைத்தால் பின்பக்கக் கேமரா நேராக வானத்தைப் பார்க்கும்.

ப்ரோ மோடில் அமைப்புகள் இப்படி: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 10 விநாடி, ஒயிட் பேலன்ஸ் (வண்ணச் சமநிலை) 4000 கெல்வின், ஃபோகஸை ஆட்டோவிலிருந்து எடுத்து முடிவிலிக்கு, அதாவது மலைப் படம் போட்ட முனைக்கு. வசதி இருந்தால் ரா வடிவத்தில், அதாவது போன் சுருக்கி மெருகேற்றாத மூலத் தரவாக, சேமியுங்கள். டைமரைப் பத்து விநாடி வைத்து, பொத்தானை அழுத்திவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது நட்சத்திரங்கள் உப்பிய வட்டமாக இருந்தால் ஃபோகஸைத் துளி பின்னுக்கு நகர்த்துங்கள். புள்ளியாக வரும்வரை இதிலேயே நேரம் செலவழியுங்கள். மற்ற குறைகளைப் பிறகு கணினியில் சரிசெய்யலாம், தவறிய ஃபோகஸை முடியாது.

ஏன் 10 விநாடி? பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது, அதனால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருந்தால் நட்சத்திரம் கோடாக இழுபடும். 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை விநாடி தாங்கும் என்று தோராயமாகத் தெரியும். பெரும்பாலான போன்களின் முதன்மைக் கேமரா முழுச்சட்டக் கணக்கில், அதாவது பெரிய கேமராக்களின் 35 மில்லிமீட்டர் சென்சாருக்கு ஈடாகச் சொன்னால், 24 மில்லிமீட்டர் அளவு. அதற்கு 20 விநாடி வருகிறது. பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்கு அதிலும் பாதியே பாதுகாப்பு.

4. அடுக்குதல்

ஒரே படத்தில் மணல் தூவியதுபோல் இரைச்சல் இருக்கும். அதைப் போக்கும் வழி, அதே காட்சியைப் பலமுறை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பது. நட்சத்திரம் எல்லாப் படத்திலும் இருக்கும். இரைச்சலோ ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழும், சராசரி எடுத்தால் அடங்கிவிடும். 16 படம் சேர்த்தால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும். விண்டோஸ் கணினியில் இதற்கான சீக்வேட்டர் என்ற மென்பொருள் இலவசம். நட்சத்திரங்களைத் தானே பொருத்திக்கொள்ளும். கடைசியில் கேமராவைக் கைக்குட்டையால் நன்றாக மூடி, அதே அமைப்பில் நான்கைந்து கறுப்புப் படமும் எடுத்து, சீக்வேட்டரில் தனியாகச் சேருங்கள். சென்சாரின் சூட்டில் வரும் வண்ணப் புள்ளிகள் போகும். இந்த ஒரு படிதான் சாதாரணப் போனையும் நல்ல வான்படக் கருவியாக்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

5. தெற்கே திரும்புங்கள்

பங்குனி, சித்திரையில் விடியற்காலை மூன்றரை மணிக்குத் தெற்கே பாருங்கள். விருச்சிகத்தின் வாலுக்கும் தனுசுக்கும் நடுவே பால்வீதியின் மையம் எழுந்திருக்கும். இதற்கு ஸ்டாண்டு வேண்டும். ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்றலாம். நாலே முக்காலுக்குள் முடித்துவிடுங்கள், அதன்பின் கிழக்கு வெளுக்கத் தொடங்கும்.

அதே மாதங்களில் நள்ளிரவை ஒட்டி, தெற்குச் சிலுவைக்கு மேலே சற்றுக் கிழக்கில் ஒமேகா சென்டாரி இருக்கும். இருட்டான இடத்தில் கண்ணுக்கு மங்கிய நட்சத்திரம் மாதிரி தெரிவது, உண்மையில் பால்வீதியின் மிகப் பெரிய கோளக் கொத்து, அதாவது பந்துபோல் நெருங்கித் திரண்ட நட்சத்திரக் கூட்டம்.

காசு செலவழிக்க ஆசை வந்தால் முதலில் கனமான ஸ்டாண்டு, பிறகு போனைத் தொடாமல் படமெடுக்க ஒரு புளூடூத் பொத்தான், அதன்பின் 10×50 (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் முன்லென்ஸ் உள்ள) பைனாகுலர். தொலைநோக்கி அதற்கும் பிறகுதான். பைனாகுலரில் ஒரு வருடம் வானத்தைச் சுற்றியவருக்கு எந்தத் தொலைநோக்கி வேண்டும் என்று கடைக்காரர் சொல்ல வேண்டியிருக்காது.