தேய்ந்துபோன கார் சீட்டை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

மதுரை வெயிலில் வருஷக்கணக்காகத் தெருவில் நிற்கிற காரில் டிரைவர் சீட் சீக்கிரமே நைந்துவிடும். ரெக்சின் வெடிக்கும், நாம் ஏறி இறங்கும் பக்கத்து ஸ்பான்ஞ் அமுங்கிப்போகும். கோளாறு இவ்வளவுதான் என்றால் சீட்டை மாற்றாதீர்கள். குஷன் கடையில் கொடுத்தால் ஸ்பான்ஞ் வைத்துப் புது ரெக்சின் தைத்துத் தருவார்கள். தெரிந்த டெய்லரிடம் கொடுத்துப் பார்க்கலாமே என்று நினைக்க வேண்டாம், சட்டை தைக்கிற மிஷினுக்கு ரெக்சின் அடங்காது. சாய்மானம் லாக் ஆகாமல் பின்னால் சரிகிறது, சீட் முன்னும் பின்னும் நகருகிற ரெயில் ஆடுகிறது, அடிச்சட்டத்தில் விரிசல் தெரிகிறது என்றால் மட்டும் முழு சீட்டையும் மாற்றுங்கள். கீழே சொல்வது முன்சீட்டுக்கு.

முதலில் ஏர்பேக் விஷயம். சாய்மானத்தின் கதவுப் பக்க ஓரத்தில் 'ஏர்பேக்' என்று சின்ன லேபிள் இருக்கிறதா பாருங்கள். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து மஞ்சள் நிற கனெக்டர் தெரிகிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் வேலையை சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள். அது வெடித்து விரிகிற சாமான், பழகும் கைக்கு ஏற்றதல்ல. பழைய மாருதி 800, ஆரம்பகால ஆல்ட்டோ மாதிரி வண்டிகளில் இந்தக் கவலை இல்லை.

அடுத்து, மாற்று சீட். புதிது விலை அதிகம் என்பதால் பலரும் பழைய பார்ட்ஸ் கடைக்குத்தான் போவார்கள். தப்பில்லை, ஆனால் கடையில் துணியைப் பார்த்து மயங்க வேண்டாம், கவரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சீட்டைக் கவிழ்த்துப் போட்டு இரும்பைப் பாருங்கள். ரெயில் நேராக இருக்கிறதா, உடைந்து மறுபடி வெல்டிங் வைத்த தடம் இல்லாமல் இருக்கிறதா, லீவரை விட்டதும் இரண்டு பக்க ரெயிலும் 'டக்'கென்று பிடிக்கிறதா? "அண்ணே, இது மோதுன வண்டியில கழட்டுனதா?" என்று நேராகவே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வாங்காதீர்கள். அதே மாடல், அதே பக்கம், முடிந்தால் அதே வருஷத்து சீட்டாக இருக்கட்டும். போல்ட் ஓட்டை பொருந்தவில்லை என்று தரையில் புது ஓட்டை போடவோ, பட்டை வெல்டிங் வைக்கவோ கூடாது. பிரேக் அடிக்கும்போது உங்கள் எடையைத் தாங்குவது சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட்தான்.

சரி, கழற்றுவோம். வெயில் ஏறுமுன் காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். முந்தின நாள் இரவே போல்ட்களில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்தால் பாதி வேலை மிச்சம். ஹெட்ரெஸ்டை உருவி எடுங்கள். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி முன்பக்க இரண்டு போல்ட்களைக் கழற்றுங்கள். அப்புறம் முன்னால் இழுத்துப் பின்பக்க இரண்டையும். சில வண்டிகளில் போல்ட் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் மெதுவாக நெம்பினால் வந்துவிடும். போல்ட் தலை பெரும்பாலும் 12 அல்லது 14 எம்எம். சாதாரண ஸ்பேனர் வழுக்கித் தலையை உருட்டிவிடும், போல்ட் தலையை முழுதாகக் கவ்வும் சாக்கெட்டும் அதைத் திருப்பும் ராட்செட் கைப்பிடியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். மோட்டாரில் நகருகிற பவர் சீட் என்றால் பேட்டரி இல்லாமல் நகராது, அதனால்தான் போல்ட்டுக்கு அப்புறம் இது. சீட்டைப் பின்னால் சாய்த்து அடியில் ஒயர் இருக்கிறதா பாருங்கள். 2019 ஜூலை 1 முதல் முன்சீட் இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை மணி கட்டாயமானதால் அதற்குப் பிந்தைய வண்டிகளில் பெரும்பாலும் ஒயர் இருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். கதவுப்படியில் பழைய போர்வை விரித்து, இன்னொருவரைக் கூப்பிட்டு வெளியே எடுங்கள். தனியாக இழுத்தால் ரெயில் முனை பெயின்ட்டைக் கீறிவிடும்.

சீட் போன இடத்தில் சில்லறையும் நிலக்கடலைத் தோலும் கிடக்கும், கூட்டி எடுத்துவிட்டுத் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரமும் துருவும் இருந்தால் புது சீட் காத்திருக்கட்டும், முதலில் தகரத்தைச் சரிசெய்யுங்கள்.

பொருத்துகிற முறை தலைகீழ்தான். பெல்ட் கொக்கி சீட்டோடு சேர்ந்ததாக இருந்தால் புது சீட்டில் இருப்பது உங்கள் பெல்ட்டோடு பூட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு ரெயிலும் ஒரே அளவில் நகர்ந்து நிற்க வேண்டும், ஒன்று முன்னே போயிருந்தால் லாக் விழாது. கனெக்டரை மாட்டிவிட்டு நான்கு போல்ட்களையும் கையாலேயே சில சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றினால் மரை போய்விடும். நான்கும் பிடித்தபின் குறுக்கு மறுக்காக இறுக்கி, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முடியுங்கள்.

பேட்டரியை மாட்டி, சீட்டில் உட்கார்ந்து காலால் தரையை உந்தி முன்னும் பின்னும் குலுக்குங்கள். சாய்மானத்தில் முழு பலத்தோடு சாயுங்கள். பிறகு ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தடவை பிரேக் அடித்துப் பாருங்கள், முதல் சோதனைக்கே ரிங் ரோட்டுக்குக் கிளம்ப வேண்டாம். ஒரு வாரம் ஓட்டியபின் நான்கு போல்ட்களையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதுவரை பழைய சீட்டை இரும்புக்கடைக்குப் போடாமல் வைத்திருங்கள். மூடியோ லீவர் கைப்பிடியோ அதிலிருந்து தேவைப்படலாம்.