கொக்கின் கழுத்தைக் கவனியுங்கள்

தனுஷ்கோடிச் சாலையில், கோதண்டராமர் கோயிலையொட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகளைத் தேடி வருவோர், நீரோரத்தில் தனித்து நிற்கும் கருஞ்சாம்பல் நிறக் கடலோரக் கொக்கைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். எனக்கோ அதுவே அக்கரையின் மிகச் சிறந்த காட்சி.

காலை வெயில் உங்கள் முதுகில் படுமாறு, பறவையிலிருந்து 50 மீட்டராவது விலகி மணலில் அமர்ந்து, அந்த ஒன்றை மட்டும் 15 நிமிடங்கள் பாருங்கள். காற்று நீரைக் கலைத்தால் எதுவும் தெரியாது. ஆகவே தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் பாக் விரிகுடாப் பக்கத்தையும், வாடை வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கத்தையும் தேர்ந்துகொள்வது நல்லது. (இவற்றை முறையே பெண்கடல், ஆண்கடல் என்பது இவ்வூர் வழக்கு.)

பைனாகுலரைக் கொக்கின் கழுத்தில் நிலைநிறுத்துங்கள். ஒளிவிலகலால், நேர் மேலிருந்து பார்ப்பவருக்கு மீன் தன் உண்மையான ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கிலேயே இருப்பதாகத் தோன்றும். கொக்கைப்போலச் சாய்வாகப் பார்க்கும்போது அப்பிழை இன்னும் கூடும். அதைத் திருத்திக்கொண்டுதான் அது குத்துகிறது. ஆறாவது கழுத்தெலும்பு நீண்டிருப்பதால் வளைந்து மடங்கும் அக்கழுத்து, உடல் முற்றிலும் அசைவற்றிருக்கையில் மெல்லப் பின்வாங்குவதைக் கண்டால், இமைக்காதீர்கள்; அடுத்த நொடியில் அலகு நீருக்குள் இருக்கும்.

கொக்கு தலையை உயர்த்தி உங்களை நோக்கினால், நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். ஓசையின்றிப் பின்னால் நகருங்கள்.