கஸ்டடி வழக்கு: பிள்ளைக்காகப் போய்ச் சறுக்கும் இடங்கள்

குடிப்பார், கை நீட்டுவார், என் நகையை அடகு வைத்தார், மாமியார் சரியில்லை. கஸ்டடி மனு என்று பலர் எழுதிவருவது பன்னிரண்டு பக்கக் கல்யாணக் கதை. நகை அடகுக்கடைக்குப் போனதற்கும் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதற்கும் என்ன சம்பந்தம்? 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், 13-ஆம் பிரிவில், குழந்தையின் நலனைத்தான் முதலில் வைக்கிறது. குடிக்கிறார் என்பதைவிட, குடித்துவிட்டுப் பிள்ளையை பைக்கில் முன்னால் உட்காரவைத்து ஓட்டினார் என்பதற்குத்தான் கனம் அதிகம்.

அதையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். 'எப்பவும் இப்படித்தான்' என்பது குறுக்கு விசாரணையில் இரண்டு நிமிடம் தாங்காது. 'ஸ்கூல் விட்டும் 4.40 வரை யாரும் வரவில்லை, டீச்சர் எனக்கு போன் செய்தார்' என்பது தாங்கும். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே என்று பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், அசல் மெசேஜ் அதில்தான் இருக்கிறது.

தகப்பன்மார் பக்கமும் ஒரு தவறு உண்டு. மனைவி வேலைக்குப் போகிறாள், லேட்டாக வருகிறாள் என்பதையே தகுதிக்குறைவாகக் காட்டுவது. அது எடுபடாது. ஐந்து வயது வரை பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் என்கிறது அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு. 'சாதாரணமாக' என்ற சொல்லைத் தாய்மாரும் கவனிக்க வேண்டும். அது கேட்காமலே கிடைக்கும் வரம் இல்லை.

எனக்குப் பெரிய தவறாகத் தோன்றுவது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுதான். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் நீதிபதி தன் அறைக்கே கூப்பிட்டுப் பேசுவதுண்டு. ஏழு வயதுப் பிள்ளை 'எங்கப்பா ஒழுக்கங்கெட்டவர்' என்று சொன்னால், அது யார் வாய்ச்சொல் என்று அவருக்குத் தெரியாதா? காலையில் உனக்கு யார் தலை பின்னுவாங்க என்று கேட்டால் வரும் பதிலுக்கு ஒத்திகை தேவையில்லை.

அப்புறம், கோர்ட் உத்தரவு இருக்கும்போதே மற்றவர் பிள்ளையைச் சந்திப்பதை நிறுத்துவது. பயம் உண்மையென்றால் மேற்பார்வையோடு சந்திப்பு வேண்டும் என்று இடைக்கால மனு போடுங்கள். போக்சோ, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் சட்டத்தின் கீழான புகாரை ஆயுதமாக எடுக்கவே கூடாது, பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு. உண்மையிலேயே நடந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடுங்கள். வீட்டில் அடி உதை என்றால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 21-ஆம் பிரிவில் தற்காலிக கஸ்டடியும் கேட்கலாம்.

வக்கீல் பீஸுக்குப் பயந்து தாமதிக்கும் பெண்களுக்கு: சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் பார்க்காமலே உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு.