குறைந்த விலை ஏர் ரைபிளின் குறியை வீட்டிலேயே சீராக்கும் முறை

ஏர் ரைபிள் வாங்கிய முதல் வாரத்திலேயே "இதன் குழல் சரியில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுவது பலருடைய வழக்கம். நானும் அப்படித்தான் எழுதினேன். குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் சாதாரண வகைத் துப்பாக்கி அது. பத்து மீட்டர் தள்ளி வைத்த அட்டையில் ஐந்து குண்டுகளும் ஆளுக்கொரு திசையில் போயின. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று உறையில் போடும்போதுதான், மரக்கட்டையையும் இரும்பு உடலையும் இணைக்கும் முன்திருகு வெறும் விரலுக்கே சுழல்வதைக் கண்டேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதற்காகக் கொக்கையும் மடையானையும் குறிவைக்க முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றமாக்குகிறது. நமக்கு அட்டை போதும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பதக்கம் வென்றதும் பத்து மீட்டர் தூரத்து அட்டையைச் சுட்டுத்தான். அந்த அட்டையில் பத்து மதிப்பெண்ணுக்குரிய புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ.

எங்கள் கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கத்துப் பழைய வீடுகளில் முன்கூடத்திலிருந்து பின்கட்டுச் சுவர் வரை பத்து மீட்டர் எளிதாகக் கிடைக்கும். பழைய துணியை இறுக்கித் திணித்த மரப்பெட்டியை, உள்ளே பின்பக்கம் தடித்த பிளைவுட் வைத்து, செங்கல் சுவரை ஒட்டி நிறுத்தி, அதன் முகப்பில் அட்டையை ஒட்டுங்கள். இடையில் கதவு இருந்தால் அதைத் தாழிட்ட பிறகே துப்பாக்கியைத் தொட வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். ஈயக் குண்டைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது.

எதையும் திருத்துவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து முறை சுட்டு, மிகவும் விலகிய இரண்டு துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து, அதில் 4.5 மி.மீ.யைக் கழித்தால் வருவதுதான் உங்கள் 'குரூப்'. துளைகள் புள்ளியை விட்டு விலகியிருப்பது இப்போதைக்குப் பொருட்டல்ல. அவை ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கின்றனவா என்பதே கேள்வி. என் முதல் குரூப் 52 மி.மீ. அதை நோட்டில் எழுதி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து மறுபடி அளந்தேன். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது.

முதல் வேலை திருகுகள். ஸ்பிரிங் ஒவ்வொரு முறை பாயும்போதும் துப்பாக்கி முழுதும் அதிர்வதால் அவை தளர்ந்துகொண்டேயிருக்கும். திருகின் வெட்டில் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால், மரம் நெரியாத அளவுக்கு இறுக்குங்கள். குழல் மடங்கும் இடத்துப் போல்ட்டையும் பாருங்கள்: மூடிய குழலைப் பக்கவாட்டில் அசைத்தால் துளியும் ஆடக் கூடாது. இந்த ஒரு வேலைக்கே என் குரூப் 31 மி.மீ.க்கு இறங்கியது.

அடுத்து, காற்றுக் கசிவு. குழல் மூடும் இடுக்கின் மேல் மெல்லிய டிஷ்யூ தாள் துண்டை வைத்து, குண்டு போட்டுச் சுடுங்கள். தாள் பறந்தால் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கிறது. அது மலிவான பொருள், மாற்றிவிடலாம். சோதிப்பதாகச் சொல்லிக் குண்டு இல்லாமல் சுடாதீர்கள். ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனைத் தாங்க எதிர்க்காற்று இல்லாமல் அது உள்சுவரில் மோதிச் சிதையும்.

குழலைத் துடைக்கத் தேவனாம்பட்டினத்தில் கிடைக்கும் தூண்டில் நரம்பே போதும். மடக்கித் திறந்த குழலை இன்னொருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கை நழுவினால் அது விரலை நசுக்கும். நரம்பை இரண்டாக மடித்து, அந்த மடிப்பில் சிறு பருத்தித் துண்டைக் கோத்து, குண்டு போடும் முனையிலிருந்து வாய்ப்பக்கம் இழுங்கள். கறுப்பு வருவது நிற்கும் வரை துணியை மாற்றுங்கள். காற்று வரும் துளையில் எண்ணெய் விடவே கூடாது. அழுத்தத்தின் சூட்டில் அது பற்றி வெடிக்கும், வேகமும் தாறுமாறாகும்.

பிறகு குண்டு. டப்பாவைத் தாளில் கொட்டிப் பாருங்கள். பாவாடை, அதாவது குண்டின் விரிந்த பின்பகுதி, நசுங்கியதும் விளிம்பில் பிசிறு நீட்டியதும் கண்ணுக்கே தெரியும். அவற்றை ஒதுக்குங்கள். இரண்டு மூன்று வகைகளைச் சிறிய டப்பாக்களாக வாங்கிச் சுட்டு, உங்கள் குழலுக்கு ஒத்துப்போவதைக் கண்டுபிடிக்க வேண்டும். விலை உயர்ந்ததுதான் ஒத்துப்போகும் என்பதில்லை. தட்டைத் தலைக் குண்டு தாளைச் சுத்தமாக வெட்டுவதால் அளக்கவும் வசதி.

பிடிதான் பெரும்பாலோர் தவறும் இடம். ஸ்பிரிங் துப்பாக்கி, குண்டு வெளியேறும் முன்பே பின்னால் உதைத்து முன்னாலும் துள்ளுகிறது. இறுக்கிப் பிடித்தாலோ மேசை மீது வைத்தாலோ அந்தத் துள்ளல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஆகவே இடது உள்ளங்கையை விரித்து, தூங்கும் குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல, ட்ரிக்கர் வளையத்துக்குச் சற்று முன்னால் தாங்குங்கள். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் கை மாறாது. தோளிலும் லேசாகவே சாய்க்க வேண்டும். சுட்ட பிறகும் ஒரு நொடி குறியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். இதைப் பழக எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. குரூப் 17 மி.மீ. ஆனது.

குரூப் சுருங்கிய பிறகே, குறிபார்க்க உதவும் சைட்டைத் தொடுங்கள். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின்சைட்டை நகர்த்த வேண்டும். இடதில் பட்டால் வலதுக்கு, கீழே பட்டால் மேலே.

கடினமான ஸ்பிரிங் போட்டால் குறி கூடும் என்பார்கள். அதிர்வுதான் கூடும், ஆற்றலும் சட்ட வரம்பைத் தாண்டலாம். ட்ரிக்கர் கொக்கியை அரத்தால் தேய்க்கும் யோசனை அதைவிட மோசம். தொடாமலே வெடிக்கும் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதாகிவிடும்.

கடற்காற்று உப்பு இரும்பில் ஒரே இரவில் செம்புள்ளி போடும். சுட்டு முடித்ததும் வெளிப்பக்கத்தை மட்டும் தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள்; தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். ஈரத்தை உள்ளேயே தேக்கும் ரெக்ஸின் உறையில் வைக்காமல், பூட்டிய அலமாரியில், குண்டு வேறு இடத்தில் இருக்க வையுங்கள். ஐப்பசி மழையில் மரம் ஊதி, தையில் காய்ந்து சுருங்கும்போது முன்திருகு மறுபடி கால் சுற்று தளர்ந்திருக்கும். பொங்கல் கழிந்ததும் ஒருமுறை இறுக்கி, ஐந்து குண்டு சுட்டு, அளவை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.